தண்ணீர் வார்க்கையில் சொல்லாத பெயர்

நோங்க்வாய்
வளர்பிறை எட்டு, புனித நாள், திங்கள்

பேசமாட்டேன்னுதானே சத்தியம் பண்ணினேன், எழுதமாட்டேன்னு சொல்லலையே. பெரிய பிக்குகிட்டயே கேட்டுட்டேன். "சாமி, ஒருத்திகிட்ட வாய் தொறக்கமாட்டேன்னு புத்தர் முன்னாடி சொல்லியிருக்கேன். கடுதாசி போட்டா சத்தியம் முறியுமா?"ன்னேன். அவர் சோத்துப் பாத்திரத்த மூடிக்கிட்டே, "லம்துவன், நீ வாய மூடிக்கிட்டு எழுதினா முறியாது. அதுவே பெரிய புண்ணியம்"னாரு. பக்கத்துல உக்காந்திருந்தவளுகளெல்லாம் சிரிச்சாளுக. சிரிக்கட்டும். வெத்தலைய வாயில அடக்கிக்கிட்டு எழுதறேன்.

நுவன், நீ அனுப்பின காவித்துணி வந்துச்சு. உன் சித்தப்பாவோட வருஷத் தானத்துக்காம். வண்டிக்கார கெம் ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு வந்தான், என்னமோ பல்லக்குத் தூக்கறவன் மாதிரி. நான் கை நீட்டல. "திருப்பி எடுத்துட்டுப் போ. அந்த டாக்டரம்மா வார்டு வாசல்ல, நாலு பேரு பாக்கறாப்பல வெச்சுட்டு வா"ன்னேன். "அக்கா, காவித்துணிய தரையில வெக்கலாமா?"ன்னான். "தரையில வெக்காத, நாற்காலியில வை. பாவம் உனக்கு வேணாம், அவளுக்கே இருக்கட்டும்"னேன்.

உனக்கு எல்லாம் மறந்திருக்கும். எனக்கு மறக்கல. போன வருஷம் இதே மாதிரி, பிக்குகள் கோயில விட்டு நகராத மழைத்தவ மாசம். நெல்லுக் குதிர் ஏணியிலேருந்து உன் சித்தப்பா தோங்தம் விழுந்தாரு. இடுப்பு எலும்பு போச்சு. உன் ஆஸ்பத்திரி, உன் கை, என் அக்கா மக, நான் தூக்கி வளத்தவன்னு நம்பிக் கொண்டாந்தேன். அந்தப் பெஞ்சுல உன் கையப் பிடிச்சுக்கிட்டு என்ன சொன்னேன்? "இடுப்புல ஊசி போட்டுக் கால மட்டும் மரத்துப்போக வைடி. மனுஷன் முழிச்சுக்கிட்டுப் புத்தர் பேர 'புத்தோ, புத்தோ'ன்னு சொல்லிக்கிட்டிருக்கட்டும். முழுசாத் தூங்க வெச்சா வயசான உயிர் வெளிய போயிட்டு வழி தெரியாம நிக்கும்"னு சொன்னேனா இல்லையா? நீ தலைய ஆட்டினே. உள்ள போனே. தூங்க வெச்சே.

எந்திரிச்சாருதான். கஞ்சி குடிச்சாருதான். "எருமைய அவுத்துக் கட்டினியா?"ன்னுகூடக் கேட்டாரு. மறுநாள் நெஞ்சப் பிடிச்சாரு, அவ்வளவுதான். உன் தூக்க மருந்து நெஞ்சுல போய் உக்காந்துக்கிச்சு. நீ படிச்சவ, இல்லன்னு சொல்லுவே. சொல்லிக்கோ.

நான் என்ன பண்ணினேன்னு தெரிஞ்சுக்கோ, ஒளிவு மறைவு இல்ல. மூணு புனித நாள் மிளகாயும் உப்பும் நெருப்புல போட்டு உன் பேரச் சொல்லிச் சாபம் விட்டேன். பிக்குவுக்குத் தெரியாது. தெரிஞ்சா வைவாரு. தினம் காலையில பிச்சை போட்டுட்டுத் தண்ணி வாத்து, கெடச்ச புண்ணியத்த எல்லாருக்கும் பங்கு வெக்கறேன். அப்பன் ஆத்தாளுக்கு, செத்துப்போன எருமைக்கு, என் கோழியத் தூக்கிட்டுப் போன கீரிக்குக்கூடப் பேரு சொல்லி ஒரு சொட்டு விடறேன். உன் பேரு வர்ற எடத்துல மட்டும் மூச்ச இழுத்துத் தாண்டிப் போறேன். கீரிக்குக் கீழ நீ.

இன்னொண்ணு. நம்ம ஊருல கையொடிஞ்சவன் காலொடிஞ்சவன் எவனும் இப்ப உன்கிட்ட வர்றதில்ல, கவனிச்சியா? எல்லாம் தெக்க இருக்கற தூரத்து ஆஸ்பத்திரிக்குத்தான். அது என் வாய் செஞ்ச வேலை. பிக்கு சொல்ற மாதிரி மூடியிருந்தா நடக்குமா?

தேதி பாக்கறதுக்குக் காலண்டர்கிட்ட போனா கயிறு அவுந்து கீழ கெடக்கு. முப்பது வருஷமாத் தூண்ல சணல்ல கட்டித் தொங்குது. ஒரு ஆணி அடிச்சுக் குடுக்கத் துப்பில்லாத மனுஷன்னு தினமும் அவர ஏசுவேன். இப்ப ஏசறதுக்கு ஆளில்ல. அதுக்கும் நீதான் காரணம்.

வருஷத் தானத்துக்கு வந்துடாத.

லம்துவன்


மாவட்ட ஆஸ்பத்திரி
ஆகஸ்ட் 19

சித்தி,

துணியைக் கெம் அண்ணன் வார்டு வாசலில் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனார். நீங்கள் கேட்டபடி நான்கு பேர் பார்த்தார்கள். ஐந்தாவதாக நான் பார்த்தேன். எடுத்து மடித்து என் அலமாரியில் வைத்திருக்கிறேன். தானத்துக்கு வரமாட்டேன். உங்கள் வீட்டில் வந்து நிற்க எனக்கு உரிமை இல்லை என்றாலும், தூரத்திலிருந்து கும்பிடுவதை யாரும் தடுக்க முடியாது.

உங்கள் வாய் செய்த வேலையை நானும் கவனித்தேன். குளத்தோரத்துப் பெரியவர் குடலிறக்கத்தோடு எங்களைத் தாண்டித் தெற்கே போனார். போய்ச் சேர்வதற்குள் குடல் கறுத்துவிட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் பாதிக் குடல் போயிற்று. அவருக்கும் நீங்கள் ஒரு சொட்டு விடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

முழுத் தூக்கமா, இடுப்பு ஊசியா என்று உலகம் முழுக்கப் பல ஆஸ்பத்திரிகளில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். சித்தப்பாவைப் போலவே இடுப்பு முறிந்த வயதானவர்கள். பாதிப் பேருக்கு அது, பாதிப் பேருக்கு இது. இறந்தவர்களின் கணக்கில் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. எலும்பு முறிந்த வலி, போன ரத்தம், படுத்த படுக்கை எல்லாம் சேர்ந்து வயதான இதயத்தின் மேல் ஏறி உட்காருகின்றன. அறுவையின்போது தாங்கிவிட்டு அடுத்த இரண்டு மூன்று நாளில் அது தளர்ந்துபோகும். அதைத்தான் நாங்கள் எல்லாரிடமும் பயப்படுகிறோம். மருந்து நெஞ்சில் போய் உட்காருவதில்லை.

இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் படித்தவள், எனவே பொய் சொல்லுவேன்.

நீங்கள் பெஞ்சில் சொன்னது எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. தலையாட்டியதும் உண்மை. உள்ளே போனபிறகு ஏன் மாற்றினேன் என்று நீங்கள் இந்த ஒரு வருஷத்தில் ஒருமுறைகூட என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். சத்தியம் பண்ண உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைக்கவேண்டாம்.

உங்கள் வீட்டில் உங்களோடு இருக்கும் அம்மாவிடம் என்னை ஏசாதீர்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் அவள் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறாள்.

நுவன்


நோங்க்வாய்
தவம் முடிய நாலு நாள், ஞாயிறு காலை

உங்கம்மா விழுந்துட்டா.

இந்தக் கடுதாசிய அவ கூடவே வண்டியில ஏத்தி அனுப்பறேன். கெம் பொண்டாட்டி கூட வர்றா. ஊறல் மீன் ஜாடிகிட்ட வழுக்கி விழுந்தான்னு சொல்லச் சொன்னா உங்கம்மா, அதனால அப்படியே எழுதறேன். எடது காலு குட்டையா வெளிப்பக்கம் திரும்பிக் கெடக்கு. உன் சித்தப்பாவுக்குக் கெடந்த அதே மாதிரி. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு.

என் அக்கா கம்பாய் மாதிரி ஒருத்திய நான் பாத்ததில்ல. எலும்பு ஒடிஞ்சு கெடக்கறா, நாலு பேரு பலகையில தூக்கறாங்க, அவ என்னப் பாத்து, "ஏய் லம்துவன், மீன் ஜாடி மூடி தொறந்திருக்கு, ஈ விழும்"கறா. "சும்மா கெட அக்கா"ன்னேன். "நீ சும்மா இருந்திருந்தா நான் எம்மக வீட்டுல இருந்திருப்பேன்"னு ஒரு குத்து குத்தினா. வலியிலயும் வாய் குறையல. ஒரே வயித்துல பொறந்தவதானே.

கூட வரமாட்டேன். அந்த ஆஸ்பத்திரி வாசப்படிய மிதிக்கமாட்டேன்னு சொன்னது சொன்னதுதான். அவளுக்குக் கஞ்சி, துணி, புத்தர் தகடு எல்லாம் பையில இருக்கு. ஒட்டரிசிய அவளுக்குக் குடுக்காத, தொண்டையில சிக்குது இப்பல்லாம்.

இப்ப நான் சொல்றதக் கேளு, நுவன். உன் ஆபரேஷன் அறை வாசல்ல பச்சைப் பெயிண்ட் உரிஞ்ச பெஞ்சு ஒண்ணு இருக்கே, அதுல போய் உக்காரு. நான் உக்காந்த எடம், சுவத்தோரம். உக்காந்துக்கிட்டுத் தேர்ந்தெடு. தூங்க வெப்பியா, இடுப்புல குத்துவியா? எத எடுத்தாலும் அது தப்பாயிருக்குமோன்னு மனசு இன்னொண்ணுக்கு ஓடும் பாரு. கதவு தொறக்கற ஒவ்வொரு தடவையும் பாதி எந்திரிச்சு நிப்பே பாரு. உள்ள இருக்கறவங்க சிரிச்சுப் பேசிக்கிட்டே வெளிய வருவாங்க, அப்ப அவங்களக் கொன்னுடலாம்னு தோணும் பாரு.

இதத்தான் நான் கேட்டேன். மிளகாய் உப்பு போட்டப்ப நீ சாகணும்னு கேக்கல. அந்தப் பெஞ்சு உனக்குக் கெடைக்கணும்னு கேட்டேன். அதுக்காக எங்கக்கா இடுப்ப ஒடைக்கச் சொன்னேனா? சொல்லல. ஆனா கேட்டதக் குடுக்கறவங்க வழி கேட்டுக் குடுக்கறதில்ல.

அவளுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. உனக்கு மட்டும் ஆகணும்.

லம்துவன்


மாவட்ட ஆஸ்பத்திரி
அக்டோபர் 13, ஞாயிறு மாலை

சித்தி,

பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். சுவரோரம். உங்களுக்குத் திருப்தியா?

நாளை மறுநாள் அறுவை செய்யவேண்டும் என்கிறார் எலும்பு டாக்டர். வயதானவர்களுக்கு இந்த அறுவையைத் தள்ளிப்போடத் தள்ளிப்போட நெஞ்சும் நுரையீரலும் கெடும். அவர் சொல்வது சரி. பெற்றவளுக்கு நானே மயக்கம் கொடுக்கக் கூடாது, என் மூத்தவர் கொடுக்கிறார். ஆனால் எது என்று அவர் என்னைத்தான் கேட்கிறார். "உன் அம்மாவை உனக்குத்தான் தெரியும்" என்கிறார். எனக்கு அம்மாவைத் தெரியவில்லை, சித்தி. அவளோடு தினமும் சோறு தின்றவர் நீங்கள்.

அம்மா இடுப்பு ஊசிதான் வேண்டும் என்கிறாள். "உன் சித்தப்பாவைத் தூங்க வைத்தாயே" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். உங்கள் பாடம். எல்லாரும் அதையே போடச் சொல்கிறார்கள், நானும் சரி என்றிருப்பேன். ஆனால் அவள் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டபோது ஒரு சத்தம் கேட்டது. இரண்டு துடிப்புக்கு நடுவில், இடுக்கு வழியாகக் காற்று சீறுவதுபோல. ரத்தம் வெளியே போகும் கதவு சுருங்கியிருந்தால் அப்படிக் கேட்கும். கொஞ்சமாகச் சுருங்கியிருந்தால் பயமில்லை. ரொம்பச் சுருங்கியிருந்தால், இடுப்பு ஊசி போட்ட சில நிமிஷத்தில் கால் பக்கத்து ரத்தக்குழாய்கள் தளர்ந்து அழுத்தம் சரியும். நல்ல இதயம் வேகமாக இறைத்துச் சமாளிக்கும். கதவு சுருங்கிய இதயத்தால் முடியாது, பாரம் தூக்கும்போதே அதற்கு ரத்தம் போதாது. நின்றுவிட்டால் திருப்பி ஓடவைப்பது கடினம்.

அதைப் படம் பிடித்துப் பார்க்கும் டாக்டர் வியாழக்கிழமைதான் இங்கே வருவார். அதுவரை காத்திருப்பதா, இந்த நிலையில் அவளைப் பெரிய ஊருக்கு மூன்று மணி நேரம் வண்டியில் குலுக்கிக்கொண்டு போவதா, இங்கேயே செய்வதா? அவளுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கியதா, நெஞ்சு வலித்ததா, மயக்கம் வந்ததா என்று தெரிந்தால் எனக்குப் பாதி வழி தெரிந்துவிடும். கேட்டேன். "மயக்கமா? எனக்கா? நான் என்ன பட்டணத்துக்காரியா?" என்கிறாள்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. இடது மணிக்கட்டில் மூன்று சுற்று வெள்ளை நூல். ஊசி குத்த இடம் வேண்டும், அறுக்கிறோம் என்று நர்ஸ் சொன்னதும் கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நூல் கட்டும்படி கல்யாணம், துறவேற்பு என்று ஊரில் ஒன்றும் நடக்கவில்லையே. எதற்காகக் கட்டியது, எப்போது என்று கேட்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். முடிச்சு நீங்கள் போடுகிற முடிச்சு. சின்ன வயதில் எனக்கும் போட்டிருக்கிறீர்கள்.

என் போனை எடுக்கமாட்டீர்கள். கெம் அண்ணனிடம் ஒரு வரி எழுதிக் கொடுங்கள். எனக்காக இல்லை.

நுவன்


நோங்க்வாய்
திங்கள் காலை, பிச்சை போட்டு முடிஞ்சு

இப்பக் கேக்கறியா?

அன்னிக்கு அந்தக் கதவு மூடறதுக்கு முன்னாடி ஒருத்தி கத்தினாளே, "இடுப்புல போடுடி"ன்னு, அப்பக் காது எங்க போச்சு? அப்ப நான் பட்டிக்காட்டுப் பொம்பளை, உயிரு கியிருன்னு ஒளர்றவ. இப்ப உன் குழாய்ல ஏதோ சீறுதுன்னதும் சித்தி வேணும், சித்தி கட்டின நூல் வேணும்.

சொல்லமாட்டேன்.

கெம் வாசல்ல நின்னுக்கிட்டு, "அக்கா, ஒரு வரி எழுதுங்கக்கா, அந்தப் பொண்ணு கண்ணெல்லாம் வீங்கியிருக்கு"ங்கறான். "அவளுக்குக் கண்ணு இருக்கறதே இப்பத்தான் தெரியுது"ன்னேன். "கம்பாய் அக்கா உங்களத்தான் கேக்கறாங்க"ன்னான். "என்னன்னு கேக்கறா?"ன்னேன். "மீன் ஜாடிய மூடினாளான்னு கேக்கறாங்க"ன்னான். அவனும் சிரிச்சான், எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. அப்புறம் சிரிச்சதுக்காக உன்மேல இன்னும் கோவம் வந்துச்சு.

இன்னிக்குத் தண்ணி வாக்கறப்ப எங்கக்கா பேர மூணு தடவ சொன்னேன். அவ பேரச் சொன்னா அடுத்தது உன் பேருதான் நாக்குல வந்து நிக்குது. சின்னப் பிள்ளையிலேருந்து பழகின வரிசை. கடிச்சு முழுங்கினேன்.

நீ காவித்துணி மடிச்சு வெச்சிருக்கறத எழுதினியே, நான் உருகிடுவேன்னு நெனச்சியா? குளத்தோரத்துக் கெழவன் குடலப் பத்தி எழுதினியே, எனக்கு ராத்தூக்கம் போகும்னு நெனச்சியா? போகல. கொஞ்சம் போச்சு. அதுக்குப் பிராயச்சித்தமா அவன் வீட்டுக்கு ஒரு வாழத்தாரு அனுப்பிட்டேன். உனக்குத் தெரியவேண்டியதில்ல.

பெரிய பிக்கு காலையில பாத்திரத்த நீட்டிக்கிட்டு நிக்கையிலேயே கேக்கறாரு, "லம்துவன், அக்காவுக்கு எப்படி இருக்கு?" பிச்சை வாங்கறப்ப பேசக்கூடாது, அவரே விதிய மீறிக் கேக்கறாரு. "அவ மக பாத்துக்கறா சாமி"ன்னேன். "நீ?"ன்னாரு. நான் சோத்த அமுக்கி அமுக்கி உள்ள தள்ளினேன். "போதும், மூடி மூடாது"ன்னுட்டுப் போயிட்டாரு.

யாரோ ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்னு எழுதினே. யாருக்கு? என் புருஷன ஏன் தூங்க வெச்சேன்னு சொல்றதுக்கு ஊருல எவன்கிட்ட அனுமதி வாங்கணும் நீ? முதல்ல அதச் சொல்லு. அப்புறம் நூலக் கேளு. நீ ஒளிச்சு வெச்சா நானும் ஒளிச்சு வெப்பேன். சரிக்குச் சரி.

லம்துவன்


மாவட்ட ஆஸ்பத்திரி
அக்டோபர் 14, திங்கள் மதியம்

சித்தி,

வாக்கை முறிக்கிறேன். அவர் என்னை மன்னிப்பார். நீங்கள் மன்னிக்கவேண்டியதில்லை.

சித்தப்பாவுக்குத்தான் வாக்குக் கொடுத்தேன்.

அன்று உங்களிடம் தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். இடுப்பு ஊசிக்கு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அவரைப் பக்கவாட்டில் திருப்பும்போது அந்த அறையில் ஓர் ஓரமாக அடுக்கியிருந்த கருவிகளைப் பார்த்தார். "அது எதுக்கு, சுத்தியல்?" என்றார். புது எலும்பை உள்ளே இறக்க அடிக்கவேண்டும் என்று சொன்னேன். "முழிச்சிருந்தா சத்தம் கேக்குமா?" என்றார். வலி இருக்காது, சத்தம் கேட்கலாம், அரைத்தூக்கத்துக்கு மருந்து தருகிறேன், ஆனாலும் சிலருக்குக் கேட்கும் என்று உண்மையைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்தார். கை ஐஸ் மாதிரி இருந்தது. "நுவன், என்னால அந்தச் சத்தம் கேக்க முடியாதும்மா. என்ன முழுசாத் தூங்க வெச்சுடு" என்றார்.

சித்தி அப்படிச் சொன்னாளே என்றேன். "அவகிட்டச் சொல்லாத. வாணம் விடற தோங்தம் சுத்தியலுக்குப் பயந்தான்னு ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பா. சாகறவரைக்கும் சொல்லமாட்டேன்னு சொல்லு" என்றார். சொன்னேன். இரண்டில் எதுவானாலும் அவர் இதயத்துக்கு ஆபத்து ஒன்றுதான். இருதரப்பும் சமமாக இருக்கும்போது, படுத்திருப்பவர் கேட்பதைக் கொடுக்கவேண்டும் என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தேன். மருந்து ஏறும்வரை நானே அவர் காதருகில் 'புத்தோ' சொன்னேன். அவரும் கூடவே சொன்னார். மூன்றாவதோ நான்காவதோ பாதியில் நின்றது.

இறந்தபிறகு சொல்லியிருக்கலாம். சாகும்வரை என்றுதான் கேட்டார். ஆனால் நீங்கள் அந்தப் பெஞ்சில் என் கன்னத்தில் அறைந்தபோது, சொன்னால் அடி என்னை விட்டு அவர்மேல் விழும் என்று தோன்றியது. வாங்கிக்கொண்டேன். ஒரு வருஷமாக வாங்கிக்கொண்டேதான் இருக்கிறேன். அலுத்துவிட்டது, சித்தி. இனி நீங்கள் யாரை வெறுப்பீர்கள் என்று பார்க்கவேண்டும் என்று எனக்கும் ஒரு ஆசை இருக்கிறது. நானும் உங்கள் கையில் வளர்ந்தவள்தானே.

என் முறை முடிந்தது. நூல் எதற்கு? சாயங்கால வண்டிக்குள் சொல்லுங்கள். நாளை காலை முதல் ஆளாக அம்மாவை உள்ளே எடுக்கிறார்கள்.

நுவன்


நோங்க்வாய்
திங்கள் சாயங்காலம், கெம் வண்டிய உறுமவிட்டுக்கிட்டு நிக்கறான்

பொய். பொய். பச்சப் பொய்.

என் புருஷன் பயந்தாராம். எங்க ஊரு வாணத் திருவிழாவுல ஆள் ஒசரத்துக்கு மூங்கில் வாணம் கட்டி, மருந்து அவரே இடிச்சு, ஏணி மேல ஏறி நின்னு திரி வெக்கற மனுஷன். ஒரு வருஷம் வாணம் மேடையிலேயே வெடிச்சு, புருவமெல்லாம் பொசுங்கி, கரியப் பூசின மூஞ்சியோட சிரிச்சுக்கிட்டே எறங்கி வந்தாரு. அவரு சுத்தியல் சத்தத்துக்குப் பயந்தாராம்! செத்தவர் மேல பழி போட்டுத் தப்பிக்கப் பாக்கறே. இதுக்கும் சேத்து ஒரு கை மிளகாய் போடறேன் இரு. அடுப்பு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு.

ஊருக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பேனாம். சொல்லியிருப்பேன்தான். அதுக்கு என்ன இப்ப?

நூலுக்கு வர்றேன். உனக்காக இல்ல. உன் சரிக்குச் சரிக்காகவும் இல்ல. எங்கக்காவுக்காக.

அது மயக்கம் இல்லடி. அதனாலதான் நீ மயக்கமான்னு கேட்டா அவ இல்லங்கறா, அவ பொய் சொல்லல. அவளுக்கு உயிர் எறங்கிப் போயிடும். குன்றுக் கோயில் படி ஏறறப்ப பாதியில நிப்பா, மூஞ்சி வாழத்தண்டாட்டம் வெளுக்கும், அப்படியே மடங்கிச் சாஞ்சுடுவா. கூப்பிட்டாக் காது கேக்காது. கொஞ்ச நேரத்துல கண்ணத் தொறந்து, "ஏன்டி எல்லாரும் சுத்தி நிக்கறீங்க?"ம்பா. உயிர் பயந்து படியிலேயே உக்காந்துக்குச்சுன்னு, நான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, முட்டையும் ஒட்டரிசியும் வெச்சு, "வா உயிரே, வா"ன்னு கூப்பிட்டு நூல் கட்டுவேன். ஒவ்வொரு தடவைக்கும் ஒண்ணு. தவ மாசம் தொடங்கறப்ப ஒண்ணு. நாத்து நட வரப்புல ஏறினப்ப ஒண்ணு. மூணாவது, தண்ணிக் குடம் தூக்கிட்டு வர்றப்ப. மகளுக்குச் சொன்னா வேலைய விட்டுட்டு ஓடியாருவான்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கினா. நம்ம குடும்பத்துல எல்லாரும் என்கிட்டயோ உன்கிட்டயோ சத்தியம் வாங்கிட்டுத்தான் விழுவாங்க போல.

ஜாடிகிட்ட அவ வழுக்கல. ஜாடிய நகத்தினா, வெளுத்தா, சாஞ்சா. எலும்பு அப்புறந்தான் ஒடிஞ்சது. நான் அடுப்புகிட்டேருந்து பாத்தேன்.

நீ எழுதினத மறுபடி படிச்சுப் பாத்தேன், கதவு சுருங்கினா, பாரம் ஏறினா, ரத்தம் போகாதுன்னு. படி, வரப்பு, குடம், ஜாடி. எல்லாம் பாரந்தான். நுவன், அவளுக்கு அந்த இடுப்பு ஊசியப் போடவிடாத. அவ கேட்டாலும் போடாத. நான் கேட்டேன்னு அவ கேக்கறா. நான் சொல்லிக் குடுத்தது அது. பெரிய ஊருக்குக் கொண்டு போறதுன்னா கொண்டு போ. தூங்க வெக்கணும்னா, பாத்துப் பாத்துச் சொட்டுச் சொட்டா எப்படி வெப்பீங்களோ அப்படி வை. உன் மூத்தவர்கிட்டச் சொல்லு, அவ தங்கச்சி சொன்னான்னு சொல்லு.

நூல அறுக்கணும்னா அறுத்துக்கோ. முடிச்ச அவுக்காத, முடிச்சுக்குப் பக்கத்துல வெட்டி, அந்த நூல அவ தலகாணிக்கு அடியில வை. புது நூல் நான் கொண்டாறேன். காலையில மொத வண்டியில வர்றேன். அவள எந்த ஊருக்குக் கொண்டு போனாலும் கூட ஏறிக்குவேன். வாசப்படிய மிதிக்கமாட்டேன்னுதான் சொன்னேன், தாண்டிக் குதிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல. உன்கிட்டப் பேசமாட்டேன், அது சத்தியம், அதுல மாத்தமில்ல. சுவத்தோரம் நான் உக்காருவேன், நீ எந்திரிச்சு அந்தப் பக்கம் போயிடு. அவ காதுல யாராவது 'புத்தோ' சொல்லணும், மறந்துடாத. மீன் ஜாடிய மூடிட்டேன்னும் சொல்லு.

ஆனா என் புருஷனப் பத்தி எழுதினது பொய்தான். அதுல நான் எறங்கி வரமாட்டேன்.

கெம் ஹாரன் அடிக்கறான். இருடா, தேதி போடணும்னு காலண்டர்கிட்ட வந்தேன். கயித்த ஒதுக்கிட்டு நிக்கறேன்.

நுவன், இப்பத்தான் ஞாபகம் வருது. இந்த வீட்டுக்குக் குடி வந்த வருஷம். காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிச்சுக் குடுய்யான்னு சுத்தியல அவர் கையில நானே குடுத்தேன். ஆணிய வெச்சாரு, ஒரே ஒரு அடி அடிச்சாரு. ஆணி தெறிச்சுப்போச்சு. அவர் மூஞ்சி சுண்ணாம்பாயிடுச்சு. சுத்தியலக் கீழ வெச்சுட்டு, வெளிய போய் உக்காந்து, பொழுது சாயறவரைக்கும் இந்தச் சணலத் திரிச்சுக்கிட்டிருந்தாரு. சோம்பேறின்னு சிரிச்சேன் நான். அந்த ஒரு அடி பட்ட குழி தூண்ல இன்னும் இருக்கு, காலண்டருக்குப் பின்னால.